ரூட்டு தெரியுமா? – இன்ஜினீயர் கையில் கேமரா!

"நாலு வருஷம் இன்ஜினீயரிங் படிக்க வெச்சது, கல்யாண வீட்ல போட்டோ புடிக்கறதுக்கா?"

ரிஷிவந்தியமோ, மணலூர்ப்பேட்டையோ, தியாகதுருகமோ... எந்த ஊரா இருந்தாலும் சரி. கேமரா ஆசையை வீட்ல மெதுவா எடுத்துவிட்ட அடுத்த நிமிஷமே இந்த டயலாக் வந்து விழும். அப்பா சொல்வார், அவர் சும்மா இருந்தா தாய்மாமா சொல்வார். அம்மா மட்டும், 'முதல்ல டிகிரியை முடி கண்ணு, அப்புறம் எதை வேணாலும் புடி' என்று நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணுவார்.

அவங்க பயத்தைக் குறை சொல்ல முடியாது. கரும்பு போட்ட காசும், அடகுக்குப் போன நகையும்தான் காலேஜ் ஃபீஸா மாறியிருக்கு. 'கேமரா சோறு போடுமா?' என்பது நியாயமான கேள்வி. அதுக்கு நாம பதில் சொல்லியே ஆகணும்.

அதனால இந்த வாரம் ஒரு இன்ஜினீயரை அறிமுகப்படுத்தறேன். கவர்மென்ட் வேலை, மாசச் சம்பளம் எல்லாம் பார்த்த மனுஷன். அப்புறம் முகங்களைப் படம் எடுத்தே மூணு ஊர்ல ஸ்டூடியோ நடத்தினார். ராஜா பட்டம் வாங்கினார். தபால் தலையிலும் ஏறினார். பேர், லாலா தீன் தயாள். தபால் தலை தவிர மத்ததெல்லாம் நடந்தது, செல்ஃபி என்ற வார்த்தையே பிறக்காத 19-ம் நூற்றாண்டில்!

சம்பளம் ஒரு கையில், கேமரா ஒரு கையில்

தீன் தயாள் பிறந்தது 1844-ல், மீரட் பக்கத்தில் இருக்கிற சர்தானா என்ற சின்ன ஊரில். நகை வியாபாரம் பண்ணும் ஜைனக் குடும்பம். பையன் கடையில் உட்காரவில்லை, ரூர்க்கியில் இருந்த தாம்சன் சிவில் இன்ஜினீயரிங் கல்லூரிக்குப் படிக்கப் போனார். இன்னிக்கு ஐ.ஐ.டி. ரூர்க்கி என்று நாம் வாயைப் பிளந்து பார்க்கிறோமே, அதே இடம்தான். 1866-ல் படிப்பு முடிந்தது. இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது, எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் போடுவது... இதுதான் டியூட்டி.

கேமராவைக் கையில் எடுத்தது 1874-ல். அப்போ அவருக்கு வயசு 30. 'எனக்கு 21 ஆயிடுச்சு, இனிமே என்னத்த கத்துக்க' என்று புலம்பும் பார்ட்டிகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்!

அந்தக் காலத்து போட்டோ என்றால் பட்டனை அமுக்கிற சமாச்சாரம் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமா ஊத்திப் பரப்பணும். அதை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கணும். ஈரத்தோட கேமராவில் மாட்டணும். எதிரே இருப்பவர் பல விநாடி அசையாமல் இருக்கணும். தகடு காய்வதற்குள் ஓடிப்போய் டெவலப் பண்ணணும். கொஞ்சம் தாமதமானாலும் மொத்தமும் பணால். வெளியூர் போனால் கண்ணாடித் தகடுகள், மருந்து பாட்டில், இருட்டறைக் கூடாரம் என்று வண்டி நிறைய மூட்டை வேற.

இதையெல்லாம் ஆபீஸ் வேலையோடு சேர்த்துக் கத்துக்கிட்டார். இந்தூர் மகாராஜா இரண்டாம் துகோஜி ராவும், பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி டேலியும் தட்டிக்கொடுத்தார்கள். 1875-76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அந்தப் பயணத்தைப் படம் எடுக்கும் வாய்ப்பு வந்தது. பேர் பரவியது. ஆனாலும் வேலையை அவர் உடனே தூக்கிப் போடவில்லை. பத்து வருஷத்துக்கும் மேல் சம்பளமும் கேமராவும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 1880-களின் நடுவில்தான் நீண்ட லீவு போட்டு முழுநேரமா இறங்கினார். பிறகு அரசு வேலைக்கு குட்பை!

பொறுமைக்கு இது ஒரு பாடம். இன்னொண்ணும் இருக்கு. எஸ்டிமேட் போட்ட கை சும்மா இருக்குமா? தகடு எவ்வளவு, மருந்து எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவரால்தான் ஸ்டூடியோ நடத்த முடியும். இன்ஜினீயரிங் வீணாப் போகவில்லை பாஸ்!

ஆண்களுக்கு அனுமதி இல்லை!

1886-ல் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ. ஹைதராபாத் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர் என்ற அந்தஸ்து. 1894-ல் நிஜாம் கொடுத்த ராஜா பகதூர் முஸவ்விர் ஜங் பட்டம். 1896-ல் பம்பாயில் ஸ்டூடியோ. 1897-ல் விக்டோரியா மகாராணியின் அங்கீகாரப் பத்திரம். லிஸ்ட் நீளம்தான். ஆனால், இந்த மனுஷனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நான் ஆசைப்பட்டது இதுக்காக இல்லை. 1892-ல் ஹைதராபாத்தில் அவர் பண்ணின ஒரு காரியத்துக்காக.

அப்போ அங்கே வசதியான வீட்டுப் பெண்கள் பலர் பர்தா முறையில் இருந்தார்கள். வேற்று ஆண் எதிரில் முகம் காட்ட முடியாது. ஆனா, அவங்களுக்கும் தன் முகத்தை ஒரு படமாப் பார்க்க ஆசை இருக்காதா? மத்தவங்க 'அவங்க வர மாட்டாங்கப்பா' என்று விட்டிருக்கலாம். தீன் தயாள் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்தார். பேர், ஜெனானா ஸ்டூடியோ. பொறுப்பைக் கொடுத்தது கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம். கேமராவுக்குப் பின்னாலும் பெண். ஆண்களுக்கு உள்ளே வேலையே இல்லை. முதலாளியும் ஆண்தானே, அவருக்கும் சேர்த்துத்தான்!

யோசிச்சுப் பாருங்க. தன் பேரில் நடக்கும் ஸ்டூடியோவில் தானே நுழையக் கூடாது என்று ஒருத்தர் ரூல் போடணும்னா, எதிரில் உட்காருகிறவரின் கூச்சத்தை அவர் எவ்வளவு மதிச்சிருக்கணும்! அந்த மதிப்பு அவருக்கு வியாபாரமாவும் திரும்பி வந்தது.

போர்ட்ரெயிட் தொழிலுக்கு முதல் போட வேண்டியது இதைத்தான். லென்ஸ் எல்லாம் அப்புறம். 'இவர் என்னைக் கேலியா எடுக்க மாட்டார், அசிங்கமா காட்ட மாட்டார்' என்று எதிரில் இருப்பவர் நம்பணும். அந்த நம்பிக்கை வந்தால்தான் தோள் இறங்கும், உதடு தளரும், முகம் முகமாகும். நம்ம ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்று ஜனங்க கண் இமைக்காமல் நிப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? ஒரு முகம் தெரியறதுக்காகக் காத்திருப்பது நம்ம ஊருக்குப் புதுசு கிடையாது!

டேப்போடு வந்த கேமரா

அதே காலத்தில் இன்னொரு வகைக் கேமராவும் இந்தியாவில் சுத்திக்கிட்டு இருந்தது. அதையும் தெரிஞ்சுக்கணும். இல்லைன்னா மதிப்பு மரியாதை என்று நான் பேசுவது வெறும் அட்வைஸா போயிடும்.

1868-லிருந்து 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று 8 தொகுதிகளை பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. ஒவ்வொரு சாதிக்கும் பழங்குடிக்கும் 'மாதிரி' முகம் என்று போட்டோக்கள் ஒட்டின புத்தகம். நம்ம பக்கத்தில் எட்கர் தர்ஸ்டன். சென்னை மியூசியத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கேமராவோடு அளவு கருவிகளையும் எடுத்துக்கிட்டு தென்னிந்தியா முழுக்கப் போய், தலை அகலம், மூக்கு நீளம் எல்லாம் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய 7 தொகுதிகள் 1909-ல் வந்தன. நம்ம கல்வராயன் மலையில் இருக்கிறார்களே மலையாளிப் பழங்குடி மக்கள், அவங்களைப் பற்றியும் அதில் இருக்கு.

தர்ஸ்டனே எழுதி வெச்ச சம்பவம் ஒண்ணு. வயநாட்டில் இவரைப் பார்த்ததும் பணியர் பெண்கள் ஓடிட்டாங்களாம். தங்களில் நல்ல ஆளாப் பார்த்துப் பிடிச்சு, பஞ்சு அடைச்சு, மியூசியத்தில் நிறுத்திடுவார் என்று பயம்! படிச்சா முதலில் சிரிப்பு வரும். அப்புறம் சுருக்கென்று குத்தும். அவங்க பயந்ததில் என்ன தப்பு? பேரைக் கேட்காமல், மூக்கை அளக்கிறவர் முன்னாடி நின்றால் யாருக்குத்தான் அப்படித் தோணாது?

தீன் தயாளையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அவரிடம் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மகாராஜா, நவாப், வெள்ளைக்கார அதிகாரி. 1899-1900 பஞ்சத்தின்போது ஹைதராபாத் சமஸ்தானத்தில் நடந்த நிவாரணப் பணிகளையும் அவர் கேமரா பார்த்திருக்கு. ஆனா மகாராஜா படத்துக்குக் கீழே பேர், பட்டம் எல்லாம் இருக்கும். பஞ்சத்தில் நின்றவர்கள் கூட்டமாத்தான் இருப்பாங்க. முகம் இருக்கும், பேர் இருக்காது. அந்தக் காலத்துக் கேமரா யார் பக்கம் நின்றது என்பதுக்கு வேற சாட்சி தேவையில்லை.

கூவாகத்தில் ஒரு பரீட்சை

'அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம்'னு நினைக்கிறீங்களா? சித்திரை மாசம் உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துக்குப் போய்ப் பாருங்க. கூத்தாண்டவர் கோயில் திருவிழா. பல ஊர்களில் இருந்து திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் தாலி அறுத்து அழுகிற இடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேமரா, செல்போன். அழுகிற முகத்துக்கு ஒரு முழம் தள்ளி லென்ஸை நீட்டுகிறவர்களில் எத்தனை பேர், 'எடுக்கட்டுமாக்கா?' என்று கேட்கிறார்கள்? எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டுகிறவர் எத்தனை பேர்?

கல்வராயன் மலைக்கு பைக்கில் ட்ரிப் போறப்பவும் இதே கதைதான். சுருக்கம் விழுந்த பாட்டி முகம் கிடைச்சா 'செம ஃப்ரேம் மச்சி!' என்று அள்ளிக்கிட்டு வர்றோம். அந்தப் பாட்டிக்குப் பேர் இருக்கு. தலை வாரிக்கிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு உட்காரணும்னு ஆசை இருக்கலாம். கேட்டாத்தானே தெரியும்! 'வேணாம் தம்பி' என்று சொன்னா, கேமராவை மூடிட்டு அவங்க கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வாங்க. அந்த வேணாம்-ஐ மதிக்கிறவர்தான் பின்னாடி இந்தத் தொழிலில் பேர் எடுப்பார். ஏன்னா ஊர் பேசும். 'அந்தத் தம்பி நல்லவன், தைரியமா உட்காரலாம்' என்ற வார்த்தைக்கு ஈடா எந்த விளம்பரமும் கிடையாது.

சுருட்டைப் பிடுங்கிய ஆசாமி

'கேட்டுக்கிட்டே இருந்தா நல்ல படம் எப்படி பாஸ் கிடைக்கும்?' என்று ஒரு குரல் கேட்குது. சரி, யூசுஃப் கார்ஷ் கதைக்கு வருவோம். உலகத்தின் பேர்போன போர்ட்ரெயிட் கலைஞர்களில் ஒருத்தர். 1908-ல் இன்றைய துருக்கியில் இருக்கும் மார்தின் நகரில் பிறந்த ஆர்மீனியர். இனப்படுகொலைக்குத் தப்பின குடும்பம். டீன் ஏஜில், கனடாவில் போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்த மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தொழில் அங்கேதான் ஒட்டிக்கிச்சு. அப்புறம் பாஸ்டனில் ஜான் காரோ என்பவரிடம் எடுபிடியா இருந்து ஒளியைப் படிச்சார். பிறகு ஒட்டாவாவில் சொந்த ஸ்டூடியோ.

1941 டிசம்பர் 30. கனடா நாடாளுமன்றத்தில் பேசிட்டு வெளியே வந்த சர்ச்சிலைப் படம் எடுக்க சில நிமிஷம்தான் டைம். வாயில் சுருட்டு. கார்ஷ் பக்கத்தில் போய், மன்னிப்புக் கேட்டுக்கிட்டே அதை எடுத்துட்டார்! சர்ச்சில் முறைச்ச அந்த முறைப்புதான் உலகம் முழுக்கப் பரவின படம். பலரும் சொல்லாமல் விடுகிற பாதி இது: அடுத்ததாக இன்னொரு படம் எடுக்கச் சொல்லி அனுமதி கொடுத்ததும் சர்ச்சில்தான். அதில் மனுஷன் சிரிச்சுக்கிட்டு இருக்கார்.

யாரிடம் எதைச் செய்யலாம் என்று தெரிஞ்ச துணிச்சல் அது. படம் எடுக்கப் போறவரைப் பற்றி முன்கூட்டியே படிச்சுட்டுப் போவது கார்ஷின் வழக்கம். அதோட, நாட்டின் பிரதமர் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்குவது வேற. களை எடுக்கிற அம்மா கிட்ட போய் 'கொஞ்சம் அழற மாதிரி நில்லுங்க' என்று சொல்வது வேற. முன்னவர் மறுக்க முடியும். பின்னவருக்கு அந்த வசதி குறைவு. அதனால அங்கே நம்ம பொறுப்பு டபுள்!

திண்ணையே ஸ்டூடியோ

சரி, கொஞ்சம் தொழில் பேசுவோம். காசு செலவில்லாமல் இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.

ஓட்டு வீட்டுத் திண்ணை இருக்கா? அதுதான் முதல் ஸ்டூடியோ. மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே குழி விழ வைக்காது. தெருப் பக்கமிருந்து வரும் வெளிச்சம் மென்மையா முகத்தில் விழும். உட்காருகிறவரைத் தெருவைப் பார்த்த மாதிரி உட்கார வைங்க. நீங்க தெருவில் நில்லுங்க. பின்னாடி கதவு திறந்திருந்தால் உள்ளே இருட்டா இருக்கும். அதைவிட நல்ல பேக்கிரவுண்ட் துணி விலைக்குக் கிடைக்காது. முகத்தின் ஒரு பக்கம் ரொம்ப இருட்டடிக்குதா? தம்பியை ஒரு வெள்ளை வேட்டியை அந்தப் பக்கம் விரிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. ரிஃப்ளெக்டர் ரெடி!

செல்போன் என்றால் முகத்துக்கு ஒட்டிப் போகாதீங்க. கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காது சின்னதாயிடும். அஞ்சாறு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வெச்சு எடுங்க. கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். அவர் கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியுதா என்று பாருங்க. தெரிஞ்சாத்தான் முகத்தில் உயிர் இருக்கும். முதல் பத்து படம் பேச்சுக்கு. அவர் உங்களை மறந்துட்டு, எந்த வருஷம் ஏரி நிரம்பி வழிஞ்சுது என்று கதை சொல்ல ஆரம்பிப்பார் பாருங்க, அப்போ அமுக்கணும்.

வீட்ல என்ன சொல்றது?

தீன் தயாள் ரூட்டைச் சொல்லுங்க. 'டிகிரியை முடிச்சுடறேன். வேலைக்கும் போறேன். சனி, ஞாயிறு மட்டும் கேமரா' என்று ஆரம்பிச்சா சண்டைக்கு இடமே இல்லை. கள்ளக்குறிச்சியிலோ திருக்கோவிலூரிலோ நல்ல ஸ்டூடியோவில் எடுபிடியாச் சேருங்க. லைட் ஸ்டாண்டு தூக்குங்க, ஆல்பத்துக்குப் படம் பிரிங்க. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம்தான் முதலில் சோறு போடும். அதை மட்டமா நினைக்காதீங்க; ஒரே நாளில் அத்தனை முகங்களைப் பார்க்கிற பயிற்சி வேற எங்கே கிடைக்கும்? முறையாப் படிக்கணும்னா விஸ்காம் இருக்கு. ஒளிப்பதிவில் ஆர்வம் என்றால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கு. வரவு செலவை நோட்டில் எழுதுங்க. லோன் போட்டு லென்ஸ் வாங்குவது, அந்த நோட்டு 'வாங்கலாம்' என்று சொன்ன பிறகு.

தீன் தயாள் 1905-ல் காலமானார். மகன்களும் தொழிலில் இருந்தார்கள். அவர் ஸ்டூடியோவின் 2,800-க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களை 1989-ல் டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிப் பாதுகாத்தது. 2006-ல் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. கண்ணாடி! கை தவறினால் சுக்குநூறாகிற பொருள், நூறு வருஷம் தாண்டி நிக்குது. நம்ம போனில் இருக்கும் ஆயிரம் போட்டோ, போன் தண்ணியில் விழுந்தால் அன்னிக்கே காலி.

இந்த வார ஹோம்வொர்க்

நம்ம ஊர்த் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனரை உத்துப் பார்த்திருக்கீங்களா? பல தாத்தா பாட்டிகளின் தோளுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தரின் கையோ, மாலையோ பாதி வெட்டுப்பட்டு நிக்கும். ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவில் இருந்து வெட்டி எடுத்த முகம் அது. இல்லைன்னா ரேஷன் கார்டு, ஆதார் கார்டு முகம். 70, 80 வருஷம் வாழ்ந்தவருக்கு, தனியா உட்கார வெச்சு எடுத்த ஒரு படம் கிடையாது. யாரும் 'உட்காருங்க, உங்களை எடுக்கறேன்' என்று கேட்டதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதனால இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மூத்தவர் யாரோ அவங்களைத் திண்ணைக்குக் கூப்பிடுங்க. எந்தச் சேலை, எந்தச் சட்டை என்று அவங்களே முடிவு பண்ணட்டும். 'இந்த வயசுல எனக்கு எதுக்குடா போட்டோ' என்று வெட்கப்படுவாங்க. அவசரப்படாதீங்க, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க. எடுத்து முடிச்சதும் முதலில் அவங்க கிட்டயே காட்டுங்க. அவங்களுக்குப் பிடிச்ச படத்தையே தேர்ந்தெடுங்க. பிரிண்ட் போடுங்க. பின்பக்கம் பேர், ஊர், தேதி எழுதுங்க. அவங்க கையில கொடுங்க.

பக்கத்து வீட்டுப் பாட்டி, 'என்னையும் ஒண்ணு எடு ராசா' என்று வந்தாங்கன்னா... கங்கிராட்ஸ், உங்க ஸ்டூடியோ தொறந்தாச்சு!

அடுத்த வாரம் வேற ரூட்ல சந்திப்போம். பை!